சிஞ்ஞோராவின் துவக்குக்கு எந்தத் தோட்டா

பலெர்மோவில் துப்பாக்கி செய்கிற தமிழ்ப் பெண் என்று என்னைத் தவிர இன்னொருத்தி இருந்தால் கூட்டிவாருங்கள், என் கதிரையை அவளுக்குக் கொடுத்துவிட்டு எழும்பிவிடுகிறேன். தலைக்கனம் என்று சிலர் நினைப்பார்கள். நினைக்கட்டும். போர்கோ வெக்கியோவின் மீன்கடைகளுக்குப் பின்னால், துறைமுகத்தை நோக்கிப் போகும் ஒடுங்கிய தெருவில் இருக்கிறது எங்கள் பட்டறை. முன்னால் கடை, பின்னால் வேலை. கடை முதலாளியுடையது. பின்னாலுள்ள வேலைமேசை என்னுடையது, அதில் அவர்கூடக் கேட்காமல் கை வைக்கமாட்டார்.

அந்த மேசையில் முழுக்க என் பொறுப்பில் நான் செய்த முதல் இரட்டைக்குழல் துப்பாக்கி இப்போது மதோனியே மலையடிவாரத்தில் பன்றி வேட்டைக்குப் போய்வருகிறது. வலக்குழலும் இடக்குழலும் சுடுவது இரண்டும் ஒரே உள்ளங்கை அளவுக்குள் விழும். அதைக் கையில் எடுக்கிற வேட்டைக்காரர்கள் பிடியின் மர ரேகையைத் தடவிப் பார்த்துப் புகழ்வார்கள். எனக்கு அந்தப் புகழும் இனிக்கத்தான் செய்கிறது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் நான் அதிகம் பெருமைப்படுவது வெளியில் தெரியாத ஒன்றுக்காக. அதற்குள் எந்தத் தோட்டா போகவேண்டும் என்று தீர்மானித்த கதைக்காக.

செய்யச் சொன்னவர் அம்மாவின் சிஞ்ஞோரா, அம்மா வேலைக்குப் போகிற வீட்டு எசமானி. பொலிதேயாமாப் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கிறார். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்திலிருந்து அம்மாவுக்கு அந்த வீட்டில்தான் வேலை. கூட்டிக் கழுவப் போனவர், பிறகு சமையல், பிறகு வீட்டுத் திறப்புக்கோர்வை முழுவதும் அம்மாவின் இடுப்பில். சிஞ்ஞோரா கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை, எழுபதைத் தாண்டியும் முதுகு வளையாத மனுசி. மலையடிவாரத்தில் அவருக்கு ஓக் மரக்காடும் கொஞ்ச நிலமும் உண்டு. காட்டுப்பன்றி வந்து கிண்டிப் பாழாக்குகிற நிலம். பருவம் தொடங்கினால் ஊர் ஆண்களோடு சேர்ந்து அவரும் வேட்டைக்குப் போவார், அந்தக் கூட்டத்தில் ஒரே பெண்ணாக.

எங்கள் வீட்டில் சிஞ்ஞோரா சொன்னால் அதற்கு மேல் கதை கிடையாது. என் தலைமயிரைக் கட்டையாக வெட்டச் சொன்னார், வெட்டினார்கள். எனக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்று அவர் சொன்னார், அதிலேயே சேர்த்தார்கள். அவர் பக்கம் ஒருமுறை, என் பக்கம் ஒருமுறை என்று அம்மா மாறிமாறி நின்றதாக எனக்கு நினைவில்லை. எப்போதும் அவர் பக்கம்தான். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அது எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை.

நான் துப்பாக்கி வேலை பழக வடக்கே பிரெஷா பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போகப்போகிறேன் என்று சொன்ன அன்று அம்மா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தார்.

"ஷெல்லுக்கும் துவக்குக்கும் பயந்து பிள்ளையளையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தம். நீ இஞ்சை இருந்து துவக்குச் செய்யப் போறியோ?"

நியாயமான கேள்வி. இது அந்தத் துவக்கு இல்லை, வேட்டைத் துவக்கு என்று சொன்னேன். அம்மாவுக்கு எல்லாத் துவக்கும் ஒன்றுதான். கடைசியில் என்னை அனுப்பிவைத்ததும் சிஞ்ஞோராதான். "போகட்டும், நல்ல கை அவளுக்கு" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னார், அம்மா பெட்டி அடுக்கினார். ஆனால் நான் திரும்பிவந்து வேலையில் சேர்ந்த பிறகு ஒருநாள்கூட அம்மா பட்டறைப் பக்கம் வந்ததில்லை. கோயிலில் யாராவது கேட்டால் "மகள் மெக்கானிக்" என்பார். என்ன மெக்கானிக் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். எனக்கு அது முள் மாதிரிக் குத்திக்கொண்டே இருந்தது.

அப்படியிருக்க சிஞ்ஞோரா கடைக்கு வந்து, முதலாளியைப் பார்க்காமல் நேரே என் மேசைக்கு வந்து, "எனக்கொரு இரட்டைக்குழல் வேண்டும், நீ செய்" என்றபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நிலத்தில் கால் பாவவில்லை. கூடவே சொன்னார்: "ஒன்பது-மூன்று தோட்டாவுக்குச் செய். என் அண்ணன்மார் அதைத்தான் சுட்டார்கள். எங்கள் வேட்டைக் கூட்டத்தில் இன்றைக்கும் எல்லாரும் அதைத்தான் சுடுகிறார்கள்."

ஒன்பது-மூன்று என்பது ஒன்பது புள்ளி மூன்று மில்லிமீட்டர் விட்டமுள்ள, நீளமான பெரிய தோட்டா. ஆட்காட்டி விரலுக்கு நிகரான பருமன், அடியில் ஒரு விளிம்பு. முறித்துத் திறக்கிற துப்பாக்கிக்கு அந்த விளிம்பு நல்லது, சுட்ட தோட்டாவின் வெற்றுக் கோதைப் பிடித்து வெளியே தள்ள வசதி. ஐரோப்பாவில் இரட்டைக்குழல் வைத்திருப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக நம்புகிற தோட்டா அது. பன்றியைக் கேள்வி கேட்காமல் படுக்க வைக்கும். ஆனால் தோளிலும் நன்றாக உதை கொடுக்கும்.

சாதாரண ஒற்றைக்குழலில் தோட்டாவைப் பிழையாகத் தெரிந்துவிட்டால் துப்பாக்கியை விற்றுவிட்டு வேறொன்று வாங்கலாம். ஒருவருக்கென்று செய்கிற இரட்டைக்குழலில் அது சரிவராது. இரண்டு குழலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஈயம் உருக்கிப் பற்றவைக்கிறோம். சுட்டுப் பார்க்கிறோம். இரண்டு வெடியும் ஓரிடத்தில் விழாவிட்டால் வாய்ப்பக்கம் சூடாக்கி, நடுவிலுள்ள ஆப்பை மயிரிழை நகர்த்தி, திரும்பப் பற்றவைத்து, திரும்பச் சுடுகிறோம். ஒத்துவரும்வரை இதுதான் வேலை. இவ்வளவும் ஒரேயொரு தோட்டாவுக்காக, அதிலும் அதன் முனையிலிருந்து பறக்கிற, குறித்த ஒரேயொரு நிறையுள்ள சன்னத்துக்காக. ஒன்றுக்குப் பழக்கிவிட்டு வேறொன்றைப் போட்டால் இரண்டு குழலும் கோபித்துக்கொண்ட சகோதரங்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் சுடும். அதனால் முதல் அரத்தை எடுக்க முன்னரே தோட்டா எதுவென்று முடிவாகவேண்டும். முடிவானால் அது அந்தத் துப்பாக்கியின் சீவியத்துக்கும்தான்.

அளவெடுக்க சிஞ்ஞோரா வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. இத்தாலியில் செவ்வாயும் வெள்ளியும் வேட்டையாடச் சட்டம் விடாது. எங்கள் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் மச்சமாமிசம் இல்லை. இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து இந்த நாட்டுச் சட்டத்தை எழுதியவர் ஏதோவொரு பிறப்பில் யாழ்ப்பாணத்தில் இருந்திருக்கவேண்டும் என்பது அம்மாவின் கட்சி. துவக்கைப் பற்றி அம்மா சொன்ன ஒரே நல்ல வார்த்தையும் அதுதான், வேட்டைக்காரனும் கிழமைக்கு ரெண்டு நாள் விரதம் என்று.

பிடியின் நீளம் பார்க்க அளவுத் துப்பாக்கியை சிஞ்ஞோராவின் கையில் கொடுத்தேன். அவர் தோளில் ஏற்றிக் கன்னத்தை வைத்தார். நான் அவருக்குப் பின்னால் குனிந்து, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் அளவுகோலை வைத்தேன். அவருடைய விலையுயர்ந்த வாசனைத் திரவியத்துக்கு அடியிலிருந்து ஒரு மணம் எழும்பி வந்தது. நல்லெண்ணெய், உள்ளி, ஓமம், கற்பூரம், அதோடு நொச்சி.

உலகத்தில் வேறெங்கும் கிடைக்காத மணம் அது. ஒரேத்தோ ஆற்றங்கரையில் வளர்கிற ஒரு செடியின் இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டு "இது நொச்சியின்ரை தம்பி" என்று தீர்ப்புச் சொல்லி, அம்மா தானே காய்ச்சுகிற எண்ணெய். சின்ன வயதில் எனக்கு உளுக்கினாலும் இருமினாலும் அதுதான். என் தலையணைக்கும் பள்ளிக்கூட மேற்சட்டைக்கும் அந்த மணம் இருந்ததால் கூடப் படித்த பெட்டைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். எனக்கா தெரியாது? வலது தோள். சட்டையின் கழுத்துப்பட்டி ஊறுமளவுக்குப் பூசியிருந்தது. துப்பாக்கியைக் கீழே இறக்கும்போது அவர் முகம் ஒரு கணம் சுருங்கியதையும் பார்த்தேன்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தேன். அம்மா குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்றார்.

"அம்மா, சிஞ்ஞோராவுக்குத் தோளிலை என்ன வருத்தம்?"

"எந்தத் தோள்?"

"நீங்கள் எண்ணெய் பூசிற தோள்."

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. "வேலைக்குப் போற வீட்டுக் கதை படலைக்கு வெளியிலை வரப்படாது. அது உனக்குத் தெரியும். என்னட்டைக் கேளாதை பிள்ளை."

"நான் அவவுக்குப் பெரிய தோட்டாவுக்குத் துவக்குச் செய்தா, அந்தத் தோள் போயிடும்."

"அவ என்ன கேட்டவ?"

"பெரிசு."

"அப்ப அவ கேட்டதைச் செய்து குடு."

அவ்வளவுதான். எனக்கு வந்த கோபத்தில் கதவை அடித்துச் சாத்தினேன். ஆனால் அம்மாவின் பக்க நியாயமும் எனக்கு விளங்காமல் இல்லை. அந்த வீட்டில் அம்மாவுக்கு இருக்கிற மரியாதை முழுவதும் அந்த மூடிய வாயில்தான் நிற்கிறது. எத்தனையோ வீடுகளில் எங்கள் சனம் நன்றாக வேலை செய்தும் வாயால் கெட்டு வெளியே வந்திருக்கிறது. நான் சிஞ்ஞோராவிடம் போய் "உங்கள் தோள் நோகிறது, இந்தத் தோட்டா வேண்டாம்" என்றால், அதை எனக்குச் சொன்னது யாரென்று அவர் நினைப்பார்? அம்மாவை விட்டால் வேறு ஆள் இல்லை. சொல்லாமல் விட்டால் என் முதல் துப்பாக்கி ஒரு வயதான மனுசியின் தோளை உடைக்கப் பிறந்ததாக இருக்கும். என் கையால் அப்படியொன்று செய்ய எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே எங்கள் சனம் வழக்கமாகச் செய்வதையே நானும் செய்தேன். பெரியவர்களிடம் அவர்களுடைய உடல் வருத்தத்தை முகத்துக்கு நேரே சொல்லக்கூடாதே. சுற்றிவளைத்தேன். அடுத்தமுறை அவர் வந்தபோது எட்டு மில்லிமீட்டரில் இதே மாதிரி விளிம்புள்ள ஒரு தோட்டா இருக்கிறது என்று தொடங்கினேன். உங்கள் காட்டில் பன்றி கிட்டத்தில்தான் வெளிப்படும், அந்தத் தூரத்துக்கு எட்டு தாராளம் என்றேன். துப்பாக்கியையும் மெலிதாகச் செய்யலாம் என்றேன். ஒன்பது-மூன்றின் உதையை அடக்கத் துப்பாக்கியைப் பாரமாக்கவேண்டி வரும், பாரத்தைத் தூக்கிக்கொண்டு மலை ஏறவேண்டும் என்றேன். சொன்னது ஒன்றும் பொய்யில்லை. சொல்லவேண்டியதை மட்டும் சொல்லவில்லை.

சிஞ்ஞோரா கடைசிவரை கேட்டார். பிறகு கையுறையைக் கழற்றி என் மேசையில் வைத்தார்.

"ஆண்பிள்ளை ஒருவன் வந்து ஒன்பது-மூன்று கேட்டால் அவனுக்கும் இந்தப் பிரசங்கம் வைப்பாயா?"

"இல்லை, சிஞ்ஞோரா, நான் சொல்ல வந்தது..."

"என் அண்ணன்மாரும் இப்படித்தான் சொன்னார்கள். உனக்குச் சின்னது போதும் என்று. நீயுமா?" கொஞ்சம் நிறுத்தி என்னைக் கூர்ந்து பார்த்தார். "அல்லது உன் அம்மா ஏதாவது சொன்னாளா?"

மரியாதை என்று நினைத்து நான் செய்தது அவருக்கு அவமரியாதையாகவும், அம்மாவுக்கு ஆபத்தாகவும் போய் முடிந்திருந்தது. "அம்மா என் வேலையைப் பற்றி வாய் திறப்பதே இல்லை" என்றேன். அது உண்மை என்பது என் குரலிலேயே தெரிந்திருக்கவேண்டும். அவர் கையுறையை நோக்கிக் கையை நீட்டினார். பார்த்தால் வேலையே கைவிட்டுப் போய்விடும் போலிருந்தது. எனக்குள் இருந்த ரோசம் அப்போதுதான் எழும்பியது. இனி வளைப்பதில்லை என்று முடிவெடுத்தேன்.

"வந்து இரண்டையும் சுட்டுப் பாருங்கள். எங்கள் கடையில் இரண்டுக்கும் பழைய இரட்டைக்குழல் இருக்கிறது. தாளில் விழுவதை வைத்துத் தீர்மானிப்போம். அதற்குப் பிறகும் ஒன்பது-மூன்றுதான் என்றால் நீங்கள் வேறு ஆளைப் பார்க்கலாம், நான் செய்யமாட்டேன்."

கடையின் முன்பக்கம் நின்ற முதலாளி இருமினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. சிஞ்ஞோரா கையுறையை எடுத்துப் போட்டுக்கொண்டு, வருகிற வெள்ளிக்கிழமை என்று சொல்லிவிட்டுப் போனார்.

நகரத்துக்கு வெளியே மலைச்சரிவில் ஒரு சுடுகளம் இருக்கிறது. நான் துப்பாக்கிகளோடு முன்னரே போய் இலக்குத் தாள்களைக் கட்டி வைத்தேன். சிஞ்ஞோராவின் கார் வந்து நின்றது. மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு அம்மா இறங்கினார். கையில் கோப்பிப் போத்தலும் சிஞ்ஞோராவின் கம்பளிச் சால்வையும். வெள்ளிக்கிழமைத் திருநீறு நெற்றியில் அப்படியே இருந்தது. வெடிச்சத்தம் கேட்கும் இடத்துக்கு அம்மா தானாக வரமாட்டார், சிஞ்ஞோரா வரச் சொல்லியிருக்கிறார். காதுமூடியை நான்தான் அம்மாவின் தலையில் மாட்டிவிட்டேன். 

சிஞ்ஞோரா முதலில் ஒன்பது-மூன்றை எடுத்தார். நின்ற நிலையை மெச்சத்தான் வேண்டும். குழலுக்கொன்றாக இரண்டு விசை, முதலில் முன்விசை. முதல் சன்னம் நடுவில் அழகாக விழுந்தது. பின்விசை. இரண்டாவது தாளின் மேல்மூலையில், தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஒட்டிக்கொண்டு நின்றது. இன்னொரு சோடி போட்டார். முதலாவது நடுவில். இரண்டாவது தாளிலேயே இல்லை. முதல் உதை வாங்கிய தோள் இரண்டாவது வெடிக்குத் தயாராக மறுத்தது, அவ்வளவுதான். ஆனால் இரட்டைக்குழல் வைத்திருப்பதே அந்த இரண்டாவது வெடிக்காகத்தானே. காயப்பட்ட பன்றி திரும்பி வரும்போது கையில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

"இந்தத் துப்பாக்கி சரியில்லை" என்றார் சிஞ்ஞோரா. முகம் வெளிறியிருந்தது.

"துப்பாக்கி சரியாக இருக்கிறது, சிஞ்ஞோரா." நான் அதை வாங்கி இரண்டு தோட்டா போட்டு நானே சுட்டுக் காட்டினேன். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தன.

அவர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, நான் கொஞ்சமும் எதிர்பாராத விதமாக, பின்னால் நின்ற அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு. நான் ஒன்பது-மூன்று கேட்கிறேன், உன் மகள் மாட்டேன் என்கிறாள். சொல்லு அவளுக்கு."

அம்மா காதுமூடியைக் கழற்றினார். என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். அந்த வீட்டில் எத்தனையோ வருசம் சொன்ன அதே ஆமாம், "ஸீ, சிஞ்ஞோரா". அதைக் கேட்க விருப்பமில்லாமல் துப்பாக்கியைத் திறந்து கோதுகளை எடுக்கத் தொடங்கினேன்.

"இல்லை, சிஞ்ஞோரா" என்றார் அம்மா.

அம்மாவின் இத்தாலியன் குசினி இத்தாலியன். நீட்டி முழக்கத் தெரியாது. "துவக்கு எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். உங்கள் தோள் அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். அவள் சொல்வதைக் கேளுங்கள்."

சிஞ்ஞோரா அம்மாவை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் வருமோ என்று பார்த்தேன். வரவில்லை. அவருடைய வலது கை தானாகப் போய்த் தோளைப் பிடித்தது. "அப்படியானால் உனக்கு எப்படித் தெரிந்தது?" என்று என்னிடம் கேட்டார்.

"உங்கள் சட்டையின் கழுத்துப்பட்டியில் எங்கள் வீட்டு எண்ணெய் மணக்கிறது. நான் அதில் குளித்து வளர்ந்தவள்."

அவர் பட்டியை இழுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. போத்தலைத் திறந்து கோப்பி ஊற்றிக் கொடுத்தார்.

கோப்பி குடித்து முடித்த பிறகு எட்டு மில்லிமீட்டரை எடுத்தார். முன்விசை, பின்விசை, நடுவில் ஒரு மூச்சுத்தான். தாளை அவிழ்த்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நீட்டினேன். தன் உள்ளங்கையை விரித்து அதன்மேல் வைத்தார், இரண்டு ஓட்டையும் மறைந்தன. நெடுநேரம் கையை எடுக்கவில்லை.

"எட்டு" என்றார். "ஆனால் குழலில் உன் பெயரையும் பொறிக்கவேண்டும். வேட்டைக் கூட்டத்தில் கேட்டால், இதைச் செய்தவள் எனக்கு ஒன்பது-மூன்று தர மறுத்துவிட்டாள் என்று சொல்லப்போகிறேன். அவர்களில் ஒருவனுக்கும் யாரும் எதையும் மறுத்ததில்லை."

அதைக் கேட்டபோது எனக்குத் தலை கொஞ்சம் உயர்ந்துதான் போனது. ஏன் உயரக்கூடாது?

திரும்பும்போது அம்மா சிஞ்ஞோராவின் காரில் ஏறவில்லை. சால்வையை அவர் மடியில் போட்டுவிட்டு என் காரில் வந்து ஏறினார். துப்பாக்கிகள் பின்னால் பூட்டிய பெட்டிகளில் இருந்தன. அவை இருக்கிற வாகனத்தில் அம்மா ஏறியது அதுதான் முதல்தடவை. நகரத்துக்குள் வரும்வரை, என்னால்தான் அம்மா வாய் திறக்கவேண்டி வந்தது என்று திட்டு விழும் என்று காத்திருந்தேன்.

ஒரேத்தோ ஆற்றுப்பக்கம் எங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். அம்மா இருக்கைப்பட்டியைக் கழற்றினார், இறங்கவில்லை.

"அந்த ரெண்டு குழலையும் என்னெண்டு ஒட்டுறனீ?"

கேள்வி எனக்குத்தானா என்று ஒரு கணம் தடுமாறினேன். பிறகு சொன்னேன். ஈயத்தைப் பற்றிச் சொன்னேன், ஆப்பைப் பற்றிச் சொன்னேன், சூடாக்கி நகர்த்தித் திரும்பத் திரும்பச் சுடுவதைப் பற்றிச் சொன்னேன். கைகளைக் குழல்களாக நீட்டிக் காட்டினேன். பின்னால் வந்த காரெல்லாம் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது. அம்மா கண்ணாடிக்கு வெளியே பார்க்காமல் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விளங்குதோ அம்மா?"

"பாதி விளங்குது. ஆறுதலா, மெதுவாச் சொல்லு. கோயிலிலை ஆரும் கேட்டா நான் வடிவாச் சொல்லவேணும்."